ஞாயிற்றுக்கிழமை இன்ஜின்

வண்டியைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பித்தான் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். போன பிறகல்லவா தெரிந்தது, அவர்களுக்கு வேண்டியது மெக்கானிக் இல்லை, பொய்ச்சாட்சி!

எங்கள் கானா நாட்டுக் குமாசி நகரத்தில் மேகசின் பேட்டையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன், தெரியாதவன், தெரிந்த மாதிரி நடிக்கிறவன் எல்லாரும் அங்கேதான் பட்டறை போட்டிருக்கிறோம். என் பெயர் கொனாடு. பொம்பளை என்பதற்காக என்னை அங்கே யாரும் அம்மா ஆத்தா என்பதில்லை, மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் என் பட்டறைப் பக்கம் வருவதில்லை. வராமல் போகட்டும். வண்டியில் என்ன கோளாறோ அதைத்தான் சொல்வேன். வண்டிக்காரன் கேட்க ஆசைப்படுவதைச் சொல்ல நான் என்ன குறி சொல்கிறவளா?

கூப்பிட்டவன் என்சியா, சிமெண்டு வியாபாரி. என்னைவிட மூத்தவன்தான். ஆனாலும் இதைச் சொல்லும்போது அவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அவனுடைய தாய்மாமன் போவாட்டென் கோக்கோ வாங்கி விற்றுப் பெரிய வீடு கட்டியவர். எங்கள் வழக்கப்படி மாமன் சொத்து பெற்ற பிள்ளைக்கு இல்லை, சகோதரி பெற்ற மருமகனுக்குத்தான், அதில் சண்டையில்லை. எந்த மருமகனுக்கு என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையில் பெரியவரைப் புதைத்து மூன்று வருடமாகியும் கடைசிக் காரியம் நடக்கவில்லை. ஒரு வழியாக என்சியாதான் வாரிசு என்று முடிவாகி, வரும் சனிக்கிழமை காரியம் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் மாமாவின் பெஜோ காரில் ஏறி, முன்னே மேளம் போக, துக்கப் பந்தலில் வந்து இறங்கவேண்டும். மாமா அந்தக் காரில் போகாத இடமில்லை. அந்தக் கார் இல்லாமல் வாரிசு வந்து இறங்கினால் ஊர் சிரிக்கும்.

நான் போனது வியாழக்கிழமை மத்தியானம். முற்றத்தில் குடும்பமே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கொட்டகையில் சந்தன நிறத்தில் அந்தப் பழைய பெஜோ. எனக்குப் பார்த்ததும் கை பரபரத்தது. அந்த மாதிரி வண்டிகளைச் செய்தவர்களுக்குக் கோயில் கட்டலாம். கொஞ்சம் தள்ளி, சுவரோரம் டிரைவர் அட்டிங்கா நின்றார். வடக்கே போல்கா பக்கத்து ஆள். பெரியவருக்குத் தலை கறுத்திருந்த காலத்திலிருந்து அந்த வண்டியை ஓட்டியவர். பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தார். அவர் பெண்சாதி லாரிபா ஒரு தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி கட்டியாகிவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

வண்டிக்கு முன்னால் ஒரு கூடை. அதில் முட்டைகளும் ஒரு பாட்டில் ஷ்னாப்ஸும். ஆற்றுக்குப் போகிற கூடை அது. ஆற்றங்கரையில் முட்டையை உடைத்து, சாராயத்தை ஊற்றி, ஒருவன் பெயரைச் சொல்லி இவனை எடுத்துக்கொள் என்று சபித்துவிட்டு வந்தால் தீர்ந்தது. போலீசுக்குப் பயப்படாதவன்கூட எங்கள் ஊரில் அந்த ஆற்றுக்குப் பயப்படுவான். பெயர் சொல்லப்பட்டவனுக்கு அதற்கப்புறம் யாரும் வேலை தரமாட்டார்கள், வீடு தரமாட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சோறுகூடத் தின்னமாட்டார்கள்.

“வாம்மா கொனாடு,” என்றான் என்சியா. “வண்டியை ஒரு தடவை பாத்துட்டு, உள்ள சாமானை மாத்திருக்காங்கன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்.”

“பாக்குறதுக்கு முன்னாடியே என்ன சொல்லணும்னு சொல்லித் தர்றீங்களே! அப்ப நான் எதுக்கு ஐயா? ஒரு கிளியை வாங்கி வளக்க வேண்டியதுதானே?”

யாரோ சிரித்தார்கள். என்சியா சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு வாரமாக வண்டி ஸ்டார்ட் ஆனதும் குலுங்குகிறது, வெடிக்கிறது, நின்றுவிடுகிறது. என்னுடைய பேட்டையிலிருந்தே எவனோ ஒருவன் வந்து, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, ‘ஒரிஜினல் வால்வையெல்லாம் யாரோ கழட்டி வித்துட்டு ஓட்டை வால்வைப் போட்டிருக்காங்க, இன்ஜினையே மாத்திடுங்க, எங்கிட்ட வெளிநாட்டுல ஓடின இன்ஜின் ஒண்ணு ரெடியா இருக்கு’ என்று சொல்லியிருக்கிறான். தன் சரக்கை விற்க அவன் சொன்ன பொய்யை என்சியா அப்படியே பிடித்துக்கொண்டான். கழற்றியது யார்? வடக்கத்தி ஆளைத் தவிர வேறு யார்! நேரே லாரி நிலையத்துக்குப் போய், அத்தனை டிரைவர்கள் நடுவில் நின்று, ‘அட்டிங்கா திருடன், எங்க மாமா வண்டியைத் தின்னுட்டான்’ என்று கத்திவிட்டு வந்திருக்கிறான். நாளைக் காலையில் கூடை ஆற்றுக்குப் போகும். மத்தியானம் அட்டிங்கா அறையைக் காலி செய்யவேண்டும்.

“மாஸ்டர், நான் எடுக்கல,” என்றார் அட்டிங்கா.

“எந்தத் திருடனாவது நான்தான் எடுத்தேன்னு சொல்வானா?” என்றான் என்சியா.

“எல்லாரும் தள்ளுங்க,” என்றேன். “வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாக்குறவங்க மட்டும் பக்கத்துல நிக்கலாம்.”

பானெட்டைத் தூக்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜின் மேல்மூடியை இறுக்கியிருக்கிற நட்டின்மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. காய்ந்து கல்லாகிப்போன பழைய கூடு, ஒரு கீறல் இல்லை.

“இங்க வந்து பாருங்க. இந்த மூடியைத் திறக்காம வால்வு தெரியாது. இந்தக் கூட்டை உடைக்காம மூடி திறக்காது. உங்க மெக்கானிக் வால்வை எப்படிப் பாத்தான்? அவன் கண்ணுல எக்ஸ்ரே வச்சிருக்கானா?”

“நீ உன் வேலையைப் பாரு,” என்றான் என்சியா.

பார்த்தேன். பெட்ரோல் டேங்கைத் திறந்து மோந்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் நெடிதான். ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றினால் அடிப்பக்கம் பூரா வெள்ளையாய்க் களிம்பு. தண்ணீர் கலந்த ஆயில் அப்படித்தான் திரண்டு நிற்கும். நாலு பிளக்கையும் கழற்றினேன். அழுத்தம் காட்டுகிற நீளக் கழுத்து கேஜை ஒவ்வொரு குழியிலும் இறக்கி, ஒரு பையனை உள்ளே உட்காரவைத்துச் சாவியைத் திருகச் சொன்னேன். முதல் சிலிண்டரில் முள் ஏறியது. இரண்டில் ஏறியது. நாலில் ஏறியது. மூன்றாவதில் முள் செத்துக் கிடந்தது.

மூன்றாவதில் ஒரு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் ஆயில் போய் அடைத்துக்கொண்டு முள் கொஞ்சமாவது ஏறும். அசையவில்லை. அப்படியென்றால் காற்று போவது கீழே இல்லை, மேலே. வால்வுதான்.

“காத்து எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும். யாராவது சைலன்சர்கிட்ட காதை வைங்க.”

யாரும் அசையவில்லை. என்சியாவின் அம்மா, செத்த பெரியவரின் தங்கை, துவாமெனா பெரியம்மா எழுந்து வந்தார். கறுப்புத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குந்தினார். நான் சாவியைத் திருகச் சொன்னேன்.

“புஸ்ஸு புஸ்ஸுங்குதுடி,” என்றார் பெரியம்மா. “பாம்பு மாதிரி.”

“அதான் பெரியம்மா. புகை வெளிய போற வால்வு ஒண்ணு மூடாம நிக்குது.”

குளவிக் கூட்டை உடைத்து மூடியைத் திறந்தேன். வால்வை அமுக்குகிற எட்டு ராக்கரும் வரிசையாகத் தெரிந்தன. இனி முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி யாராவது மெதுவாகச் சுற்றவேண்டும். அட்டிங்கா தானாக ஓர் அடி முன்னால் வந்தார்.

“அவன் கை வண்டிமேல படக் கூடாது!” என்று பாய்ந்தான் என்சியா.

“அப்ப நீங்க சுத்துங்க.”

“நானா?”

“வாரிசு நீங்கதானே? சுத்துங்க.”

தோளில் போர்த்தியிருந்த பெரிய துணி ஒரு பக்கம் சரிய, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஹேண்டிலைச் சுற்றினான். வேர்த்துக் கொட்டியது. நான் வேண்டுமென்றேதான் இன்னும் இன்னும் என்றேன். ராக்கர்கள் ஒவ்வொன்றாகத் தலையாட்டின, அமுக்கிய வால்வு ஒவ்வொன்றும் துள்ளி மேலே வந்தது. மூன்றாவது சிலிண்டரின் ஒரு வால்வு மட்டும் அமுங்கினது அமுங்கினபடியே நின்றது. அதைத் தள்ளுகிற கம்பி, புஷ்ராடு, தன் குழியைவிட்டு நழுவிச் சாய்ந்து கிடந்தது. கம்பியை உருவி வண்டிக் கண்ணாடிமேல் உருட்டிவிட்டேன். நேர்க் கம்பியென்றால் வழுக்கி ஓடும். இது நொண்டி நொண்டி உருண்டு கீழே விழுந்தது.

“பாத்தீங்களா! வளைஞ்ச சாமானைப் போட்டிருக்கான்!” என்று கத்தினான் என்சியா.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்பியாலேயே ஒன்று போட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

“வால்வை மாத்தணும்னா இன்ஜின் தலையைத் தூக்கணும். தலையைத் தூக்கணும்னா இந்த நட்டெல்லாம் கழட்டணும். கழட்டிப் பாருங்க.”

அவன் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு நட்டும் அதன் அடியும் ஒரே துருவாய், ஒரே பழைய பெயிண்ட்டாய் ஒட்டிக் கிடந்தது. ஸ்பானர் பட்ட இடமென்று ஒரு மினுக்கு இல்லை. நாற்காலிக்காரர்களெல்லாம் எழுந்து வந்து, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

“பெரியவர் இருந்த காலத்துக்கப்புறம் இந்தத் தலையை ஒருத்தனும் தொடல,” என்றேன். “திருட்டும் இல்ல, மாத்தலும் இல்ல.”

“பின்ன வால்வு எப்படிச் சிக்கிச்சு? தானாவா?”

“அதைத்தான் நான் கேக்குறேன். மூணு வருஷமா இந்த வண்டி சும்மா நின்னுச்சா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். “சும்மா நிக்க விடுவோமா? சாவி எங்கிட்டதான். ஞாயிறு தவறாம, சர்ச் விட்டு வந்ததும் நானே உக்காந்து ஸ்டார்ட் பண்ணுவேன். மாமா மூச்சு விடுறாருன்னு எல்லாரும் வந்து நிப்பாங்க. தரையில ரெண்டு சொட்டு ஷ்னாப்ஸ் ஊத்துவோம். நல்லா ரேஸ் பண்ணுவேன், தெருவே அதிரும். அஞ்சு நிமிஷம். அப்புறம் ஆஃப்.”

“ஓர் அடியாவது நகத்துனீங்களா?”

“காரியம் முடியாம செத்தவர் வண்டி வாசல் தாண்டலாமா? என்ன பேச்சு பேசுற!”

“டேங்க்ல புதுசா பெட்ரோல் போட்டீங்களா?”

“மாமா போட்ட பெட்ரோல்மா அது. அதை ஏன் மாத்தணும்?”

அட கடவுளே! செத்தவர் மூச்சு விடுகிறார் என்று கும்பிட்டுக் கும்பிட்டு இன்ஜின் கழுத்தை நெரித்திருக்கிறார்கள். நான் கையிலிருந்த கந்தலைத் தரையில் வீசியடித்தேன்.

“யோவ், கேளுய்யா! இன்ஜின் எரிஞ்சா புகையோட தண்ணியும் வரும். ரோட்டுல ஓடினா சூட்டுல காஞ்சிரும். அஞ்சு நிமிஷத்துல அடுப்பை அணைச்சா ஈரம் எங்க போகும்? வால்வுத் தண்டுலதான் போய் உக்காரும். அதுல உங்க மாமா போட்ட பெட்ரோல் பிசினாகி ஒட்டும். வாரா வாரம் ஒரு பூச்சு. அதுக்கு மேல குளிர்ந்த இன்ஜினை ரேஸ் வேற பண்ணிருக்கே. சிக்கின வால்வை ராக்கர் போட்டு அடிச்சு அடிச்சுக் கம்பி வளைஞ்சிருச்சு. திருடன் வரல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீதான் வந்திருக்கே!”

வால்வுத் தண்டை நகத்தால் சுரண்டி, கறுப்புப் பிசினை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். பின்னால் லாரிபாவின் குரல் வந்தது.

“அவரு சொன்னாரு அக்கா! கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு. ‘நின்ன இடத்துல எழுப்பாதீங்க சின்னய்யா, கெட்டுப்போகும். முனை வரைக்குமாவது ஓட்டிட்டு வந்து நிறுத்துறேன்’னு. ‘எங்க மாமா வண்டியைப் பத்தி நீ யாருடா சொல்ல’ன்னு செருப்பைத் தூக்கினாரு! அன்னையிலேர்ந்து வண்டியைத் துடைக்கக்கூட என்னைக் கிட்ட விடல!”

எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள்.

“தூக்கினான்,” என்றார் பெரியம்மா. “நான் பாத்தேன்.”

அவரே போய்க் கூடையை எடுத்து, முட்டைகளைச் சமையலறைக்குக் கொடுத்தனுப்பினார். ஆற்றுச் சாபம் அதோடு தீர்ந்தது. ஆனால் லாரி நிலையத்தில் கத்தியது முடியவில்லையே! அட்டிங்கா என்சியாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூரா நானும் அட்டிங்காவும் வேலை பார்த்தோம். அவர் இல்லாமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வால்வு உள்ளே விழுந்துவிடாமல் இருக்க பிளக் குழி வழியாகக் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம். ஸ்பிரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து தண்டில் விட்டு, இடுக்கியால் திருகித் திருகி மேலே இழுத்தோம். பிள்ளைப்பேறு பார்க்கிற மாதிரி பொறுமையாக இழுத்தார் அட்டிங்கா. எனக்கேது அந்தப் பொறுமை! வால்வு வளைந்திருந்தால் தலையையே தூக்கியிருக்கவேண்டும், நல்லவேளை வளையவில்லை. மற்ற ஏழையும் கழுவினோம். பழைய வண்டி உடைக்கிறவனிடம் சண்டை போட்டு ஒரு நேர்க் கம்பி வாங்கி வந்தேன். டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல், புது ஆயில். சாயங்காலம் சாவியைத் திருப்பியபோது ஓர் இருமல் இருமிவிட்டு, நாலு சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. அதற்கு முன்பே கேஜை இறக்கிப் பார்த்தபோது மூன்றாவதிலும் முள் மற்றவற்றைப் போலவே ஏறியிருந்தது. நன்றாகச் சூடேறட்டும் என்று வெகுநேரம் ஓடவிட்டோம்.

அந்தச் சத்தம் கேட்டு என்சியா வந்தான். கையில் பாட்டில். பின்னால் குடும்பம். நேரே அட்டிங்காவிடம் போய், பாட்டிலை நீட்டி, குரலை உயர்த்திச் சொன்னான்:

“அட்டிங்கா, நடந்தது நடந்துபோச்சு. குடும்பம் உன்னை மன்னிச்சிட்டுது. நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து வண்டியை ஓட்டு.”

மன்னிச்சிட்டுதாம்! எனக்குக் காது அடைத்துவிட்டது.

“எதுக்குய்யா மன்னிப்பு? செருப்பைத் தூக்கினியே அதுக்கா? செய்யாத தப்புக்கு மன்னிப்புக் குடுக்க நீ யாரு? உனக்கு நாக்குல நரம்பே இல்லையா?”

“இது குடும்ப விஷயம் கொனாடு. நீ ஸ்பானரைப் பாரு.”

அட்டிங்கா பாட்டிலை வாங்கவில்லை. கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். “சின்னய்யா, லாரி நிலையத்துல வச்சு என்னைத் திருடன்னு சொன்னீங்க. அதே இடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, இல்லைன்னு சொல்லுங்க. நான் ஓட்டுறேன்.”

“நாளைக்கு மாமா இடத்துல உக்காரப் போறவன்டா நான். டிரைவர்கிட்ட தலை குனியச் சொல்றியா?”

“தலை குனிய வேணாம் சின்னய்யா. வாயைத் திறந்தாப் போதும்.”

என்சியா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அட்டிங்கா அறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டினார்.

சனிக்கிழமை நான் போயிருக்கவேண்டியதில்லை. மனசு கேட்கவில்லை, போனேன். எங்கிருந்தோ ஒரு டாக்சிக்காரனைப் பிடித்து வந்திருந்தார்கள். அந்த வண்டிக்கு கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். அவன் அதை எந்தப் பக்கம் இழுத்தாலும் கரகரவென்று அழுதது. வாசலிலேயே நாலு தடவை நின்றது. ஒரு தடவை பின்னால் பாய்ந்து மேளக்காரர்கள் சிதறி ஓடினார்கள். கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டான்.

“தள்ளுங்கடா!” என்றான் என்சியா. “ஆனா இன்ஜின் ஓடட்டும். மாமா வண்டி சத்தத்தோட வந்தாத்தான் மரியாதை.”

சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. நாலு சிலிண்டரும் தேன் மாதிரி ஓடுகிறது. பின்னால் கறுப்புச் சிவப்புத் துணி கட்டிய பத்துப் பதினைந்து பேர் மூச்சு வாங்கத் தள்ளுகிறார்கள். ஸ்டியரிங்கில் சித்தப்பா மகன் ஒருவன். பின் சீட்டில் வாரிசும் அவன் அம்மாவும். முன்னால் மேளம். தெருவில் நின்றவர்களெல்லாம் ‘என்ன கோளாறு, என்ன கோளாறு’ என்று கேட்டுக்கொண்டே கூட வந்தார்கள்.

துக்கப் பந்தலுக்குப் போகிற வழி லாரி நிலையத்தைத் தொட்டுத்தான் போகும். அதைத் தாண்டினால் மேடு. நிலையத்தில் வடக்கே போகிற பஸ்ஸுக்காக அட்டிங்காவும் லாரிபாவும் பெட்டியோடு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி மேட்டில் கால்வாசி ஏறி நின்றது. தள்ளினார்கள். கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி வந்தது. டிரைவர்களெல்லாம் தின்றுகொண்டிருந்த சோளமாவுக் கென்கே உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்கள்.

“ஏன் மாஸ்டர், நீதான் ரிப்பேர் பாத்தியாமே? வண்டிக்கு என்ன?” என்று ஒருவன் என்னிடம் கேட்டான்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். “கேளு, நல்லா ஓடுது பாரு! ஓட்டத்தான் ஆள் இல்ல. ஏன் இல்லைன்னு உள்ள இருக்குறவரைக் கேளு!”

எல்லாரும் திரும்பி நிழலில் இருந்த அட்டிங்காவைப் பார்த்தார்கள். அப்புறம் காருக்குள் பார்த்தார்கள். ஒரு விசில் பறந்தது. சிரிப்பு கிளம்பியது.

பின் கதவு திறந்தது. பெரியம்மாவின் குரல்தான் முதலில் வெளியே வந்தது. “இறங்கிப் போய்ச் சொல்லு. இல்லைன்னா நான் இறங்கி நடக்குறேன். உன் மாமா தங்கச்சி நடந்து வந்தான்னு ஊர் பேசட்டும்.”

என்சியா இறங்கினான். துணியைச் சரிசெய்துகொண்டான். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே என்னவோ முணுமுணுத்தான். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். மேளக்காரர்களைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன், அவர்களும் நிறுத்தினார்கள்.

“இப்ப சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கும்.”

“அந்த மெக்கானிக் எனக்குத் தப்பாச் சொல்லிட்டான்,” என்றான்.

அட்டிங்கா அசையவில்லை.

“வண்டியும் பழசு. வால்வு சிக்கிக்கிச்சு.”

“வால்வு மேலயா பழி போடுறே? அதுக்கு வாய் இருந்தா காறித் துப்பும்!” என்றேன். கூட்டம் ஹோ என்றது. அட்டிங்கா அப்போதும் அசையவில்லை. என்சியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கழுத்தில் வேர்வை ஓடியது எனக்குத் தெரிந்தது.

“அட்டிங்கா திருடல,” என்றான் கடைசியில். “ஒரு ஸ்க்ரூ கூட எடுக்கல. வண்டியைக் கெடுத்தது நான். வேணாம்னு அவன் சொன்னான், நான் கேக்கல. இங்க வந்து நான் சொன்னது பொய்.”

அட்டிங்கா எழுந்தார். லாரிபாவின் கையைப் பிடித்து எழுப்பினார். பெட்டியைத் தூக்கி வண்டியின் டிக்கியில் வைத்தார். முன் கதவைத் திறந்து, “ஏறு,” என்றார். மூன்று வருடமாக அந்த வண்டியைத் துடைக்கக்கூட விடாமல் விரட்டப்பட்டவள், வாரிசுக்கு முன்னால் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். என்சியா பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் மேடேறியது.

பந்தலில் வாரிசை இறக்கிவிட்டு, மேளம் முழங்கி, ஊர் எழுந்து கைகொடுத்து முடிகிறவரை அட்டிங்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு சாவியைக் கொண்டுவந்து பெரியம்மா கையில் கொடுத்தார்.

“எங்கப்பா போறே?” என்றார் பெரியம்மா. “அறை உன்னுதுதானே? யாரும் கேக்கமாட்டாங்க.”

“போன பேரு திரும்பக் கிடைச்சிருச்சு பெரியம்மா. அதுக்குத்தான் ஓட்டினேன். அறையை வேற யாருக்காவது குடுங்க.”

பெட்டியை அவர் ஒரு பக்கமும் லாரிபா ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வந்த மேட்டிலேயே இறங்கி லாரி நிலையத்துக்கு நடந்தார்கள்.